மாட்டுங்காவில் ஒரு டுக் டுக்
கொரோனா ஊரடங்கில் கேட்ட பறவைக் குரல்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அப்போது பறவைகள் குரலை உயர்த்திப் பாடின என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது ஒன்றுதான் எனக்கு இடிக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் 2020இல் வெள்ளை உச்சிச் சிட்டுகளைப் பதிவுசெய்து பார்த்தவர்கள் கண்டது நேர்மாறு. வண்டிச் சத்தம் அடங்கியதும் அவை குரலைத் தணித்துக்கொண்டன. ஆனாலும் பாட்டு முன்பைவிட வெகுதூரம் கேட்டது. கத்த வேண்டிய அவசியம் போய்விட்டது, அவ்வளவுதான்.

மற்றபடி அந்தக் கட்டுரை என் வீட்டுக் கதையேதான். 2021 மே. அப்பா ஆஸ்பத்திரியில், எங்களை உள்ளே விடவில்லை. நாளைக்கு ஒரே ஒரு போன் வரும். மும்பை மாட்டுங்காவில் மூன்றாவது மாடி ஜன்னலோரம் அதற்காகவே உட்கார்ந்திருப்பேன். எதிர் அரசமரத்திலிருந்து ஓயாமல் 'டுக் டுக் டுக்'. எவனோ குழாய் ரிப்பேர் பார்க்கிறான் என்றே இரண்டு நாள் நினைத்தேன். பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டிதான், "தாம்பட்" என்றார். செம்பு தட்டுபவன் என்று அர்த்தமாம். தமிழில் செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை. அலகைத் திறக்காமலே, தொண்டையை உப்பவைத்துக் கூவும்.

அப்புறம் அதை எண்ண ஆரம்பித்தேன். நிறுத்தாமல் நூறைத் தாண்டிய நாளும் உண்டு. எண்ணும் நேரத்தில் மட்டும் போனைப் பார்க்க மாட்டேன். நம்பிக்கை, கிம்பிக்கை என்று பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை.

பதினெட்டாம் நாள் அப்பா வீடு வந்தார். மறுநாள் விடிந்ததும் முதல் கேள்வி: "யாருடா அது, காலங்காத்தாலே ஆணி அடிக்கிறது?"