பார்த்தேன் என்பவர் பொய்யர் அல்லர்

நேற்று முன்தினம் அந்த நேரலைக் கலந்துரையாடலில் அந்தப் பெரியவருக்கு நேர்ந்ததை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுவதையும் மீண்டும் விவரிக்கப் போவதில்லை. காட்டோரத்தில் இரண்டு கால்களில் நின்ற, உடல் முழுக்க மயிர் அடர்ந்த ஓர் உருவத்தைக் கண்டதாக அவர் சொன்னார். அன்றைக்கு என்ன குடித்திருந்தீர்கள் என்று நெறியாளர் கேட்டார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பகுத்தறிவு என்று பெயர் சூட்டி மகிழ்ந்த நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என்னையும் பனிமனிதனின் பக்தர்கள் பட்டியலில் சேர்த்துவிடுவீர்கள். அப்படியொரு வாலில்லாப் பெருங்குரங்கு எந்தக் காட்டிலும் இல்லை என்பதுதான் என் கருத்து. யெட்டி எனப்படும் இமயமலைப் பனிமனிதனுடையவை என்று பாதுகாக்கப்பட்டு வந்த எலும்பு, பல், தோல், மயிர் உள்ளிட்ட 9 மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டபோது, 8 கரடிகளுடையவை என்றும் ஒன்று நாயினுடையது என்றும் தெரிந்தது. ஆனால் விலங்கு இல்லை என்பதும், பார்த்தேன் என்பவர் பொய் சொல்கிறார் என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு புரியாதவர்கள்தான், பெரியவருக்காகப் பேசிய எனக்கு நேற்று முழுவதும் அறிவியல் பாடம் நடத்தினார்கள்.

கரடி பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று மோப்பம் பிடிக்கும். மங்கிய வெளிச்சத்தில், மரங்களுக்கு நடுவே, கழுத்தே இல்லாததுபோல் தோளோடு ஒட்டிய தலையும் தொங்கும் கைகளுமாக அது நிற்கும்போது, கண நேரம் பார்ப்பவருக்கு அது ஆளாகத் தோன்றாமல் வேறெப்படித் தோன்றும்? நடக்கையில் முன்னங்கால் பதிந்த இடத்தின்மேல் பின்னங்கால் சற்றே விலகிப் பதிந்தால் இரண்டு தடங்களும் சேர்ந்து ஒரே நீண்ட பாதமாகிவிடும். பனியில் வெயில் பட்டால் அது இன்னும் அகலும். 2019-இல் இந்திய ராணுவமே, இமயமலையின் மகாலு மலையடிவார முகாமுக்கு அருகே 32 அங்குல நீளமுள்ள யெட்டியின் தடங்களைக் கண்டதாகப் படங்களுடன் அறிவித்தது. புகழ்பெற்ற மலையேற்ற வீரர் ரைன்ஹோல்ட் மெஸ்னர், எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் ஏறி முடித்த அதே 1986-இல், திபெத்தில் அப்படியோர் உருவத்தை எதிர்கொண்டு, பல ஆண்டுகள் தேடியலைந்த பிறகே அது கரடி என்ற முடிவுக்கு வந்தார். மலையையே வாழ்க்கையாகக் கொண்டவருக்குப் பல ஆண்டுகள்; அந்தப் பெரியவருக்கு மட்டும் நொடிகளில் தெளிவு பிறந்திருக்க வேண்டுமாம்.

மோசடிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. 1958-இல் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக் பகுதியில் பரபரப்பை உண்டாக்கிய காலடித் தடங்கள், ரே வாலஸ் என்பவர் மரத்தில் செதுக்கிய பாதங்களால் பதிக்கப்பட்டவை என்று 2002-இல் அவர் இறந்த பின் அவருடைய குடும்பத்தினரே சொன்னார்கள். அதனால் என்ன? அன்று பொய்யான தடத்தைப் பதித்தவர் ஒருவர். அதை உண்மையாகவே கண்ணால் பார்த்துத் திகைத்தவர்கள் வேறு. ஏமாற்றியவரை விட்டுவிட்டு ஏமாந்தவரைக் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்? வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், அங்கத்திய பனிமனிதன் எனத்தக்க பிக்ஃபுட்டைப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட இடங்களை 2009-இல் சில ஆய்வாளர்கள் வரைபடமாக்கியபோது, அது கருங்கரடியின் வாழிடத்தோடு பெரிதும் பொருந்திப்போனது. வெறும் கற்பனையாக இருந்தால் அப்படிப் பொருந்துமா? அவர்கள் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள், ஐயா.

என் சித்தப்பா லாரி ஓட்டியவர். ஒரு நள்ளிரவில் காட்டுச் சாலையின் வளைவில் முகப்பு விளக்கின் வெளிச்சம் விழுந்த இடத்தில் ஓர் உருவம் நிமிர்ந்து நின்று அவரையே பார்த்ததாம். பிறகு அவசரமே இல்லாமல் புதருக்குள் போனதாம். பேய் என்றோ பூதம் என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஆள் மாதிரி நின்றது, ஆனால் ஆள் இல்லை" என்பார், அவ்வளவுதான். உறவினர்கள் அவருக்குக் 'குரங்குச் சித்தப்பா' என்று பெயர் வைத்தார்கள். குழந்தைகள்கூட அவர் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டதைப் பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை. நிமிர்ந்து நிற்கும் கரடியின் படம் ஒன்றைப் பின்னாளில் அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்றார். இந்த ஒற்றைச் சொல்லை, அவரைக் கேலி செய்தவர்களில் ஒருவர் வாயிலிருந்தும் நான் எதைப் பற்றியும் கேட்டதில்லை.

நம்பிக்கையாளர்களும் மகிழ வேண்டாம். மலைக் கொரில்லாவே 1902 வரை அறிவியலுக்குத் தெரியாதே என்று எனக்கு எழுதாதீர்கள். அதற்கு உடல் கிடைத்தது, உங்களுடையதற்கு இன்றுவரை ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்று ஒருவர் அறிவுரை கூறியிருந்தார். ஆம், படுகிறேன். எவ்வளவு தொலைவு, என்ன வெளிச்சம், எத்தனை நொடிகள், முகம் தெரிந்ததா, எந்தப் பக்கம் போனது, அங்கே கரடி நடமாட்டம் உண்டா என்று விசாரிப்பதுதான் அறிவியல். அந்த நிகழ்ச்சியை மறுபடியும் முழுமையாகப் பார்த்தேன். இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது பெரியவரிடம் யாராவது கேட்ட இடம் இருந்தால், நேரத்தைக் குறிப்பிட்டு எனக்குக் காட்டுங்கள்.