கடிகாரம் மட்டும் பார்த்தால் போதாது
முதுகுத்தண்டு அடிபட்டு, தானாகச் சிறுநீர் கழிக்க முடியாதவர்கள் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் கடிகாரத்தோடு அளவையும் பார்க்க வேண்டும். நானும் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவன். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றில் நானே ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறேன்.

முதல் வருடம் கல்யாண வீட்டுக்குப் போனால் சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன், அங்கே பாத்ரூம் எப்படியோ என்ற பயம். கடைசியில் குளிர் காய்ச்சலும் கலங்கிய சிறுநீரும்தான் மிச்சம். டியூப் வழுக்கிக்கொண்டு போகத் தடவும் ஜெல்லிக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

கட்டுரையில் விட்டுப்போனது ஒன்று. முதுகெலும்பில் டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்பு) மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை என்று வந்தால், அது பிரஷர் எகிறியதன் அடையாளம், ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். என் பக்கத்துக் கட்டில்காரருக்கு வெறும் தலைவலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டியூப் போட்ட பிறகுதான் அவருடைய பிரஷர் இறங்கியது.