கையில காசோட நிக்கிறார்

புரோக்கர்: அன்ரி, குறை நினைக்காதேங்கோ, உள்ளதைச் சொல்லுறன். இந்த ஃபிளாட்டுக்கு மூண்டரைக் கோடிக்கு மேல கேட்டால் ஆக்கள் சிரிப்பினம்.

ரீச்சர்: ஏன் தம்பி, அவ்வளவு மோசமோ?

புரோக்கர்: சுவரைப் பாருங்கோ, உப்புக்காத்து தின்னுது. யன்னல் கம்பியெல்லாம் கறல். ஏசி போட்டால் வெளியில வைக்கிற பெட்டி ரெண்டு வருசத்தில உக்கிப்போம். அங்கால ரயில். விடியக்காலமை முதல் ரயிலோட வீடே ஆடும்.

ரீச்சர்: அது உண்மைதான். அலுமாரிக்குள்ள கிளாசெல்லாம் தங்களுக்குள்ள கதைக்கும்.

புரோக்கர்: பாத்தீங்களே, நீங்களே சொல்லுறியள்! குசினியும் சின்னன். ஒராள் தோசை சுட்டால் மற்றாள் ஹோலில நிண்டுதான் சம்பல் அரைக்கவேணும். இதில முன்னுக்கு வேற ஒரு கட்டடம் எழும்புது. அது முடிஞ்சால் கடலைக் கலண்டரிலதான் பாக்கலாம். புதுவருசத்துக்கு வெளிநாட்டுச் சனம் வந்து நிக்கேக்கயே தள்ளிவிடுங்கோ. மூண்டரைக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ, இந்தக் கிழமையே முடிப்பம்.

ரீச்சர்: ஓம் எண்டு சொல்ல நான் ஆர் தம்பி? நான் விக்கேல்லையே.

புரோக்கர்: விக்கேல்லையோ? கடவுளே! அப்ப நாலு மணிக்கு வீடு பாக்க வாறன் எண்டு சொன்ன அன்ரி நீங்களோ? முதலே சொல்லியிருக்கலாமே! வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ.

ரீச்சர்: நான் உள்ளுக்குத்தான் நிக்கிறன். நீங்கள்தான் வாசலில நிக்கிறியள்.

புரோக்கர்: நாலேகால் கோடி அன்ரி. அதுவும் உங்கட முகத்துக்காக.

ரீச்சர்: ஒரு மூச்சு விடுறதுக்குள்ள எழுபத்தைஞ்சு லட்சம் ஏறியிட்டுது. இப்ப ஆக்கள் சிரிக்கமாட்டினமோ?

புரோக்கர்: அது விக்கிற ஆக்களுக்குச் சொல்லுற விலை அன்ரி. இந்தக் காத்தை ஒருக்கா அனுபவிச்சுப் பாருங்கோ. அசல் கடல்காத்து. உங்களுக்கு ஏசியே தேவைப்படாது.

ரீச்சர்: போட்டாலும் உக்கிப்போம்தானே.

புரோக்கர்: ரயில் கையெட்டுற தூரத்தில. காலி வீதி நெரிசலே உங்களுக்கு இல்லை.

ரீச்சர்: ஓம், ஓம். பாட்டுப் போட்டுப் பாண் விக்கிற சூன்பாண் ஓட்டோ வரேக்க கயித்தில கட்டிக் கீழ இறக்கிற பையிலயே ரயில் டிரைவருக்கும் ஒரு தேத்தண்ணி இறக்கலாம்.

புரோக்கர்: குசினி கொம்பாக்ட். இப்ப எல்லாரும் இப்பிடித்தான் கேக்கினம். நிண்ட இடத்தில நிண்டே எல்லாத்தையும் எட்டி எடுக்கலாம்.

ரீச்சர்: அசைய இடமிருந்தால்தானே தம்பி.

புரோக்கர்: அதோட கடல் தெரியும்.

ரீச்சர்: எங்கால தெரியும்?

புரோக்கர்: குளிக்கிற அறை யன்னலால. ஒரு ஸ்டூல் வைச்சு ஏறினால் நல்லாத் தெரியும்.

ரீச்சர்: முன்னுக்கு எழும்பிற கட்டடம்?

புரோக்கர்: அது எழும்பாது அன்ரி. பெர்மிட் பிரச்சினையாம்.

ரீச்சர்: கொஞ்சம் முந்தி எழும்பிச்சுது.

புரோக்கர்: எண்ணூற்றைம்பது ஸ்குவயர் ஃபீட் அன்ரி! மூண்டு பேர்ச்சுக்கு மேல! வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்கம், இந்தச் சைசில வேற எங்க தேடுவியள்?

ரீச்சர்: நான் கணக்கு ரீச்சர் தம்பி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, அதால எண்ணூற்றைம்பது எண்டால் மூண்டு பேர்ச்சுக்கு மேலதான். உங்கட பெருக்கல் சரி. ஆனால் இந்த நிலத்தை அளந்தால் எழுநூறும் வராது. மிச்சம் எங்க போச்சுது?

புரோக்கர்: படி, கொரிடோர், லிஃப்ட். எல்லாத்திலயும் உங்களுக்குப் பங்கிருக்கு.

ரீச்சர்: லிஃப்ட் வேலை செய்யேல்லையே?

புரோக்கர்: பங்கு வேலை செய்யும் ரீச்சர்.

(இதற்கு மட்டும் ரீச்சரிடம் பதில் இல்லை. இந்த விளக்கத்தை நானே ஒரு தரகர் வாயால் கேட்டிருக்கிறேன். எனக்கும் பதில் வரவில்லை.)

புரோக்கர்: கனக்க யோசிக்காதேங்கோ ரீச்சர். லண்டன் பார்ட்டி ஒண்டு கையில காசோட நிக்கிறார்.

ரீச்சர்: எப்ப துவக்கம் நிக்கிறார்?

புரோக்கர்: போன கிழமையில இருந்து.

ரீச்சர்: கால் உளையாதோ? இருக்கச் சொல்லுங்கோ, பாவம்.

புரோக்கர்: பகிடி விடாதேங்கோ. டொக்கியூமென்ட் எல்லாம் கிளியர்.

ரீச்சர்: கொண்டோமினியம் பிளான் பதிஞ்சிருக்கோ?

புரோக்கர்: அது வருது.

ரீச்சர்: கட்டடம் பிளான்படிதான் கட்டியிருக்கு எண்டு மாநகர சபை குடுக்கிற சீ.ஓ.சீ?

புரோக்கர்: அதுவும் வருது.

ரீச்சர்: ரெண்டும் சேர்ந்தோ வருது, தனித்தனியவோ? தம்பி, மாடி வீடுகளைத் தனித்தனியா உறுதி எழுதி விக்கிறதுக்கு 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. பிளான் பதியாமல் ஆள் என்னத்தை வாங்கிறது? காத்தையோ?

புரோக்கர்: அதுதான் சொன்னனே ரீச்சர், அசல் கடல்காத்து.

(வாழ்நாள் உழைப்பைக் கொட்டி வாங்கிவிட்டு, அந்த ஒரு கடதாசிக்காகக் கட்டினவரின் கந்தோருக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் இந்த ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். வங்கிக்குப் போனால் கடன் இல்லை, விற்கப் போனால் பாதி விலை. தரகரைக் கேட்டால் மட்டும் எல்லாம் கிளியர்.)

ரீச்சர்: சரி, முத்திரைத் தீர்வை எவ்வளவு வரும்?

புரோக்கர்: முதல் ஒரு லட்சத்துக்கு மூண்டு வீதம், மிச்சத்துக்கு நாலு வீதம்.

ரீச்சர்: நாலேகால் கோடிக்கு 16 லட்சத்து 99 ஆயிரம்.

புரோக்கர்: மெசின் மாதிரிச் சொல்லுறியள்! ஆனால் அவ்வளவு கட்டத் தேவையில்லை. உறுதியில ரெண்டு கோடி எண்டு போடுவம்.

ரீச்சர்: விக்கிற ஆளுக்கு மூண்டரை, வாங்கிற ஆளுக்கு நாலேகால், அரசாங்கத்துக்கு ரெண்டு. ஒரு கணக்குக்கு மூண்டு விடை. என்ர பிள்ளையள் இப்பிடி எழுதினால் முட்டை போடுவன்.

புரோக்கர்: மார்க்கெட் அப்பிடி ரீச்சர். 2022இல டொலர் ஏறிச்சுது, வீட்டு விலையும் ஏறிச்சுது.

ரீச்சர்: 200இல இருந்து 360க்குப் போகேக்க கூடப் போனது சரி. பிறகு டொலர் 300க்கு இறங்கேக்க?

புரோக்கர்: வீட்டு விலை இறங்காது.

ரீச்சர்: அதுக்கும் லிஃப்ட் பழுதோ?

புரோக்கர்: ரீச்சர், நான் பகிடிக்குச் சொல்லேல்லை. லண்டன் பார்ட்டி...

ரீச்சர்: இன்னும் நிக்கிறாரோ?!

புரோக்கர்: ...இண்டைக்கு இரவு முடிவு சொல்லுறன் எண்டவர். நீங்கள் இப்ப ஒரு அஞ்சு லட்சம் அட்வான்ஸ் போட்டால் நான் அவரை அனுப்பிவிடுவன்.

ரீச்சர்: நான் வாங்கவும் வரேல்லை தம்பி.

புரோக்கர்: விக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. அப்ப நீங்கள் இங்க என்ன செய்யிறியள்?

ரீச்சர்: இருக்கிறன்.

புரோக்கர்: ஆ?

ரீச்சர்: உங்கட ஆள் நிக்கிறார். நான் இருக்கிறன். என்ர மகள் நாலாம் வகுப்பு படிக்கேக்க வாடகைக்கு வந்தனாங்கள். சீ.ஓ.சீ அப்பவும் வந்துகொண்டுதான் இருந்தது.

புரோக்கர்: ஓ... டெனன்ட். அதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு தொண்டைத்தண்ணி வத்தியிராது. எப்ப எழும்புவியள்?

ரீச்சர்: ஏன், இப்பதானே இருந்தனான்.

புரோக்கர்: ஓனர் போனில சொன்னவர், இந்த மாசக் கடைசியில வீடு காலி, பேசி முடிச்சாச்சு எண்டு.

ரீச்சர்: ஆரோட பேசி முடிச்சவர்? என்னோட கதைக்கேல்லை. என்ர ஒப்பந்தம் நொத்தாரிசு எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்து வைச்சு, மார்கழி வரைக்கும் கிடக்கு. வீடு காணி விசயம் வாய்ப்பேச்சில செல்லாது எண்டு வெள்ளைக்காரன் 1840இலயே சட்டம் எழுதி வைச்சிட்டுப் போட்டான். வாட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜும் அதுக்குள்ள அடங்கும்.

புரோக்கர்: ரீச்சர், வாங்கிற ஆள் வெறும் வீடாத்தான் கேப்பார். உள்ளுக்கு ஆள் இருந்தால் விலை விழும்.

ரீச்சர்: ஆள் இருந்தால் வீட்டுக்கு விலை இல்லையோ! ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மரைன் டிரைவில நிண்டு அண்ணாந்து பாருங்கோ தம்பி, எத்தினை யன்னலில லைட் எரியுது எண்டு. வருசத்தில ரெண்டு கிழமை வந்து தூசு தட்டி, குத்துவிளக்குக் கொளுத்திப் படம் எடுத்துக்கொண்டு போற ஆளுக்குப் பேர் பார்ட்டி. இங்க உழைச்சு, இங்க சமைச்சு, இங்க பிள்ளையளுக்கு ரியூசன் சொல்லிக்குடுக்கிற எனக்குப் பேர் பிரச்சினை.

புரோக்கர்: நான் பிரச்சினை எண்டு சொல்லேல்லை...

ரீச்சர்: விலை விழும் எண்டு சொன்னியள். அதுதான்.

புரோக்கர்: உங்களுக்கும் நானே ஒரு வீடு பாத்துத் தாறன் ரீச்சர். இப்ப வாடகை எவ்வளவு குடுக்கிறியள்?

(ரீச்சர் தொகையைச் சொல்கிறார். புரோக்கர் சிரித்தே விடுகிறார்.)

புரோக்கர்: அந்தக் காசுக்கு இப்ப வெள்ளவத்தையில கார் விடக்கூட இடம் தரமாட்டினம். தெகிவளையும் கஷ்டம். பாணந்துறைக்கு அங்கால பாக்கலாம். ஆறு மாச அட்வான்ஸ். அதோட என்ர கமிஷன் ஒரு மாச வாடகை.

ரீச்சர்: என்னை எழுப்புறதுக்கு ஓனரிட்டக் கமிஷன், இருத்துறதுக்கு என்னட்டக் கமிஷன்!

புரோக்கர்: தொழில் ரீச்சர். (போன் அடிக்கிறது.) ஹலோ... ஓம், ஓம், நாலாம் மாடிதான்... ரீச்சர், நாலு மணிக்கு வாற ஆக்கள் வந்திட்டினம். மேசையில கிடக்கிற கொப்பியளைக் கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கோவன், வீடு பெரிசாத் தெரியும்.

ரீச்சர்: லண்டன் பார்ட்டியோ?

புரோக்கர்: இல்லை, இவை கனடா.

ரீச்சர்: இவையும் கையில காசோட நிக்கினமோ?

புரோக்கர்: இல்லை. படியால ஏறி வந்தவையாம். ரெண்டாம் மாடியில இருந்திட்டினம்.