பக்கவாத்தியமாக வந்ததல்ல ஜாஸ்

கவிதையையும் ஜாஸையும் சேர்த்துப் பேசும்போதெல்லாம் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள். கறுப்பு ஸ்வெட்டர், பெரே தொப்பி, குறுந்தாடி, மடியில் பாங்கோ, சுற்றிலும் சிகரெட் புகை. நேற்றும் ஒரு பதிவில் அதே படம், கீழே "பீட்னிக் காலம்" என்று எழுதியிருந்தது. 1950களில் கலகக்காரர்களாக எழுதிய அமெரிக்க பீட் கவிஞர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பெயரை அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளவே இல்லை. 1958 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்தியாளர் ஹெர்ப் கேன் எழுதிய சொல் அது. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் மேலே போய் ஆறு மாதம் ஆகியிருந்த நேரம், அதன் வாலான 'நிக்'கை எடுத்து பீட் என்பதோடு ஒட்டிவிட்டார். அப்புறம் தொலைக்காட்சி அதைப் பிடித்துக்கொண்டது, பாங்கோவும் தாடியும் மட்டும் மிஞ்சின. அந்தப் படத்துக்குள் யார் யார் இல்லை என்பதுதான் என் வருத்தம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

என் கட்சி இதுதான். 1950களில் ஜாஸ் கலைஞர்களோடு மேடை ஏறிய கவிஞர்களில், வாத்தியக்காரரைக் காது கொடுத்துக் கேட்டவர்களின் கவிதைதான் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜாஸைப் பக்கவாத்தியமாக நினைத்தவர்களின் பதிவுகளை இன்று போட்டால் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்களில் பலர் கறுப்பினத்தவர்கள், ஒருவர் அகதியாக வந்த பெண். அவர்களைத்தான் நாம் கடைசியாக நினைக்கிறோம், அல்லது நினைப்பதே இல்லை.

அந்தப் பெண்ணிலிருந்தே தொடங்குகிறேன். ரூத் வைஸ், 1928இல் பெர்லினில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னா வழியாக 1939இல் பெற்றோருடன் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் எல்லாம் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். அந்த அதிகாரத்துக்கு எதிர்ப்பாகத் தன் பெயரைக் கடைசி வரை சிறிய எழுத்துகளிலேயே எழுதினார். 1949லேயே சிகாகோவில், தான் தங்கியிருந்த கலைஞர்கள் விடுதியில், ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் கவிதை படித்திருக்கிறார். 1952இல் வழியில் வந்த வண்டிகளில் இடம் கேட்டுக் கேட்டே சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். அங்கே நார்த் பீச் பகுதியில், கிரீன் தெருவில், இவருடைய நண்பர்களான மூன்று இசைக்கலைஞர்கள் தி செல்லர் என்று ஒரு கிளப் திறந்தார்கள். 1956இல் புதன்கிழமை இரவுகளில் ரூத் வைஸ் அவர்களோடு கவிதை வாசிக்க ஆரம்பித்தார். குழுவில் ஒரு வாத்தியம் கூடியது என்பதுபோல நின்றார். தான் நிறுத்துகிற இடத்தில் பேஸ் வாத்தியம் பேசும், அது விட்ட இடத்தில் இவர் எடுப்பார்.

அடுத்த ஆண்டு, 1957இல், அதே செல்லரில் கென்னத் ரெக்ஸ்ராத்தும் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் வாசித்ததை ஃபேன்டஸி நிறுவனம் இசைத்தட்டாகப் போட்டது. அந்தத் தட்டில் ரூத் வைஸ் இல்லை. வரலாறு பெரும்பாலும் தட்டில் பதிந்தவர்களைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. அதனால் "ஜாஸ் கவிதையைத் தொடங்கியவர்கள்" என்று அந்த இரண்டு பெயர்களே இன்றும் சுற்றி வருகின்றன. அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ரெக்ஸ்ராத்தின் நோக்கம் நல்ல நோக்கம். கவிதை கல்லூரிப் பேராசிரியர்களின் கையில் சிக்கிக் கிடக்கிறது, அதை ஜனங்கள் கூடும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஜாஸ் கேட்க வருகிற கூட்டம் கவிதையையும் கேட்கும் என்று உண்மையாகவே நம்பினார். வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸ் இறந்தபோது எழுதிய இரங்கல் கவிதையை அந்தத் தட்டில் அவர் கொதித்துப்போய் வாசிப்பதைக் கேட்டால் இப்போதும் உலுக்கும். ஆனால் கவனித்துக் கேளுங்கள், அவர் கோபம் ஒரு பக்கம் போகிறது, வாத்தியங்கள் இன்னொரு பக்கம் போகின்றன. ஃபெர்லிங்கெட்டியே பின்னாளில் இதை ஒத்துக்கொண்டார். அந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை மோசம், கவிஞன் தெருமுனையில் மீன் கூவி விற்பவனைப் போல ஆகிவிடுவான், வாத்தியக்காரர்களுக்கோ வாசிப்பதில்தான் குறி என்றார். 101 வயது வரை வாழ்ந்த மனிதர், தன் இளமைக்காலப் பெருமையைப் பற்றி இவ்வளவு நேர்மையாகச் சொன்னதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

சரி, பீட் எழுத்தாளர்களில் பெரிய பெயரான கெரூவாக்குக்கு வருவோம், அவரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

ஜாக் கெரூவாக்கின் ஆசை மிகத் தெளிவானது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கலைஞர்கள் கூடி மனம்போனபடி வாசிக்கும் ஜாம் செஷனில் நீளமாக ஒரு ப்ளூஸ் ஊதுகிற ஜாஸ் கவிஞனாகத் தன்னைக் கருத வேண்டும் என்று, 1959இல் வந்த மெக்சிகோ சிட்டி ப்ளூஸ் தொகுப்பின் முன்குறிப்பில் எழுதினார். மொத்தம் 242 கோரஸ்கள். ஜாஸ் கலைஞனுக்கு ஒரு சுற்றுக்கு, அதாவது ஒரு கோரஸுக்கு, இத்தனை தாளக்கட்டு என்று ஒரு அளவு இருப்பதுபோல இவருக்குச் சட்டைப்பை நோட்டின் ஒரு பக்கம்தான் அளவு. பக்கம் முடிந்தால் கோரஸ் முடிந்தது. யோசனை மிச்சமிருந்தால் அடுத்த பக்கத்துக்குத் தாவும். அதன் கடைசிக் கோரஸ்களில் ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரிடம் கிட்டத்தட்டப் பிரார்த்தனையே செய்கிறார். பார்க்கர் 1955 மார்ச்சில் இறந்திருந்தார், வயது 34.

1957 டிசம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் கெரூவாக் மேடை ஏறினார். அங்கே தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் ஆலன் பியானோ வாசிக்கப்போய், பின்னர் அந்தச் சேர்க்கையே ஒரு இசைத்தட்டானது. அதை வெளியிட வேண்டிய டாட் நிறுவனம் உள்ளடக்கம் சரியில்லை என்று பின்வாங்கியது, 1959இல் ஹானோவர் என்ற நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தது. பலர் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது ஓட்டல் வரவேற்பறை பியானோ மாதிரிதான் கேட்கிறது. இனிமையாக இருக்கிறது, ஆனால் பியானோ கவிதையோடு ஒரு தடவைகூட மோதுவதில்லை.

அதே ஆண்டு வந்த இன்னொரு தட்டு, ப்ளூஸ் அண்ட் ஹைக்கூஸ், வேறு ரகம். ஆல் கோன், ஸூட் சிம்ஸ் என்று இரண்டு டெனர் சாக்ஸபோன் கலைஞர்கள். முதல் பதிவு சுமார் பத்து நிமிடம். கெரூவாக் ஒரு ஹைக்கூ சொல்கிறார். மூன்று சின்ன வரி, சில நொடிதான். நிறுத்துகிறார். உடனே ஒரு சாக்ஸபோன் தனியாக, தாளம் பேஸ் எதுவும் இல்லாமல், பதில் சொல்கிறது. அடுத்த ஹைக்கூவுக்கு மற்றவர். இப்படியே மாறி மாறிப் போகிறது. நான் இதை முதலில் கேட்டது இரவு ஷிப்ட் முடிந்து வருகிற பேருந்தில், ஜன்னல் ஓரம், காதில் ஹெட்செட். சாக்ஸ் பேசும் நேரத்தில் கெரூவாக் என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த ஹைக்கூவை அவர் எடுக்கிற சுருதி சில இடங்களில் சாக்ஸ் விட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன், என் பிரமை இல்லை.

அந்தப் பதிவு முடிந்ததும் நடந்ததாக ஒரு செய்தி உண்டு, தயாரிப்பாளர் பாப் தீல் சொன்னது. பதிவானதைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று கெரூவாக் காத்திருக்க, இரண்டு சாக்ஸபோன்காரர்களும் வாத்தியத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். கெரூவாக் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். நான் அந்தக் கலைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். கவிஞனுக்கு அது வாழ்நாள் கனவு, அவர்களுக்கு அது இன்னொரு நாள் வேலை.

வேலை என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்து நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்க போலீஸ் தருகிற கேபரே அட்டை வேண்டும். 1940இல் தொடங்கி 1967 வரை இந்த முறை இருந்தது. போதைப்பொருள் வழக்கு என்று ஒன்று வந்தால் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள், அத்தோடு பிழைப்பு போயிற்று. பாடகி பில்லி ஹாலிடேவுக்கு அப்படித்தான் போனது. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951இல் அட்டையை இழந்து ஆறு வருடம் சொந்த ஊர்க் கிளப்களில் வாசிக்க முடியாமல் இருந்தார். 1957இல் அட்டை திரும்பக் கிடைத்து, கூப்பர் ஸ்கொயரில் இருந்த ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார். ஓவியர்களும் கவிஞர்களும் கூட்டம் கூட்டமாக வந்து கேட்ட இடம் அது. சுதந்திரம் சுதந்திரம் என்று கவிஞர்கள் எழுதிய அந்த இசையை வாசித்தவர்களின் சட்டைப்பையில் போலீஸ் கொடுத்த அட்டை இருந்தது. இதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் இதை அப்போதே பிடித்தார். கெரூவாக் தன் நாவலில், கறுப்பின மக்கள் வாழும் பகுதி வழியே நடக்கும்போது தானும் அவர்களில் ஒருவனாக இருந்தால் என்ன என்று ஏங்கி எழுதிய ஒரு பத்தி உண்டு. அதை நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் அப்போலோ அரங்க மேடையில் நின்று சத்தமாக வாசிக்கிற நிலைமை வந்தால் அந்த ஆளின் இடத்தில் இருக்க நான் விரும்ப மாட்டேன் என்றார் பால்ட்வின். கவிதையை யார் முன்னால் நின்று வாசிக்கிறோம் என்பதை வைத்து அளந்தார் பாருங்கள், அதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஹார்லெம் என்றதும் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ். கெரூவாக் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, 1926இல், தி வியரி ப்ளூஸ் தொகுப்பைப் போட்டுவிட்டவர். லெனாக்ஸ் அவென்யூவில் ஒருவன் பியானோ வாசித்துப் பாடுவதைக் கேட்கிற கவிதை அதன் தலைப்புக் கவிதை. அவன் கால் தரையில் தட்டுகிற சத்தம் வரிக்குள்ளேயே விழும், அவன் பாடுகிற ப்ளூஸ் நடுவில் அப்படியே வரும். 1951இல் எழுதிய நீள்கவிதையில் 1940களின் புதுவகை ஜாஸான பீபாப் இசையின் உடைந்த தாளத்தையும் திடீர்க் குறுக்கீடுகளையும் கொண்டுவந்தேன் என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். 1958இல் இசைத்தட்டுக்காக வாசித்தபோது ஒரு பக்கத்துக்கு லெனர்ட் ஃபெதர் அமைத்த பழைய பாணிக் குழு, மறுபக்கத்துக்கு பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் குழு. ஹ்யூஸ் குரலில் நடிப்பே கிடையாது. பக்கத்து வீட்டு மாமா திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வதுபோல, வேகமே இல்லாமல் சொல்வார். மிங்கஸ் குழு அடியில் அலைபாயும், கொந்தளிக்கும், குறுக்கே வரும், இவர் அசையவே மாட்டார். கவிஞனும் குழுவும் சரிக்குச் சரி உட்கார்ந்து பேசுவதை இதைவிட நன்றாக நான் கேட்டதில்லை. பீட் தலைமுறையைப் பற்றிய கட்டுரைகளில் இந்தத் தட்டுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வாத்தியமே இல்லாத இடத்திலும் ஜாஸ் இருக்கலாம். 1955 அக்டோபர் 7 இரவு, சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் தெருவில், முன்பு கார் பட்டறையாக இருந்த சிக்ஸ் கேலரியில் பீட் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் 'ஹவுல்' என்ற தன் நெடுங்கவிதையை முதன்முதலாகப் பொதுவில் வாசித்தார். மேடையில் ஒரு வாத்தியமும் இல்லை. கெரூவாக் ஒயின் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு "போ, போ" என்று கத்தியதுதான் தாளம். ஆனால் ஒரே சொல்லில் திரும்பத் திரும்பத் தொடங்கி மூச்சு தீரும் வரை ஓடுகிற அந்த வரிகளின் பின்னால் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் இருந்தது என்று கின்ஸ்பெர்க்கே சொல்லியிருக்கிறார்.

இத்தனை பேரிலும் என்னை அதிகம் படுத்துகிறவர் பாப் காஃப்மன். 1925இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர், கறுப்பினக் கவிஞர். தன் மகனுக்கு பார்க்கர் என்று பெயர் வைத்தார், சார்லி பார்க்கர் நினைவாக. நார்த் பீச்சின் காபிக் கடைகளிலும் தெருவிலும் நின்று கவிதை சொல்வார், அதற்காகவே போலீஸ் அவரை எத்தனையோ முறை பிடித்துப் போயிருக்கிறது. அவர் எழுதி வைப்பதில் அக்கறை காட்டவில்லை. ஜாஸ் கலைஞன் இன்றைக்கு ஊதினதை நாளைக்கு அப்படியே ஊத மாட்டான் இல்லையா, அதுபோல. மனைவி ஐலீன் எழுதி எடுத்து வைத்ததால்தான் பல கவிதைகள் நமக்குக் கிடைத்தன; 1965இல் முதல் தொகுப்பு வந்தது. அதற்குள் அவர் பேசுவதையே நிறுத்தியிருந்தார். 1963இல் கென்னடி கொல்லப்பட்ட பிறகு மௌன விரதம், வியட்நாம் போர் முடிகிற வரை என்று சொல்வார்கள். ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு வருடம். வாயால் மட்டுமே வாழ்ந்த ஒரு கவிஞன் வாயை மூடிக்கொண்டதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1986இல் இறந்தார்.

நிறைய எழுதிவிட்டேன், ஆனால் ஒன்றைக் கேட்கச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஃபைவ் ஸ்பாட்டில் மங்க் பக்கத்தில் நின்று வாசித்த அதே கோல்ட்ரேன், 1964 டிசம்பர் 9 அன்று நியூஜெர்சியில் எ லவ் சுப்ரீம் பதிவு செய்தார். அதன் கடைசிப் பகுதியின் பெயர் சாம், அதாவது திருப்பாடல். அதில் யாரும் பாடுவதில்லை, பேசுவதில்லை. கோல்ட்ரேன் தான் எழுதிய ஒரு கவிதையை, கடவுளுக்கு எழுதியது, அசை அசையாக சாக்ஸபோனில் சொல்கிறார். அந்தக் கவிதை தட்டின் உறையிலேயே அச்சாகியிருக்கிறது. போன வாரம் கவிதையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, இசையைப் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். முதல் இரண்டு வரியில் தவறிவிட்டது, திரும்ப ஆரம்பித்தேன். அப்புறம் பிடித்துக்கொண்டது. "நன்றி இறைவா" என்ற சொல் கவிதையில் வருகிற ஒவ்வொரு தடவையும் சாக்ஸ் மேலிருந்து இறங்கி வந்து ஒரு சுரத்தில் உட்காருகிறது. நாலாவது தடவை வரும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, சொல் தானாகவே காதில் விழுந்தது.