கடலூர்ப் பிள்ளைகள் மூன்றாவது பந்தில் ஏன் தோற்கிறார்கள்?

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு பிள்ளை 13 வயதில் டேபிள் டென்னிஸில் நாலு கோப்பை வாங்கிவிட்டால், அடுத்த வாரமே வீட்டில் பாஸ்போர்ட் பேச்சு வந்துவிடுகிறது. "ஒரு இன்டர்நேஷனல் ஆடிட்டு வரட்டுமே." அந்தப் பணத்தை முதலில் பயிற்சித் துணைக்குப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

ஒரு கேம் 11-9 என்று முடிந்தால் மொத்தம் 20 புள்ளி. பத்து நம் பிள்ளையின் சர்வ், பத்து ரிசீவ். ராலியெல்லாம் அதைத் தாண்டினால்தான். நம் ஊர் ஹால்களில் நடப்பது என்ன? இரண்டு மணி நேரப் பயிற்சியில் ஒன்றரை மணி நேரம் ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்டுக்கு பேக்ஹேண்ட். டக் டக்கென்று சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். சர்வுக்குக் கடைசிப் பத்து நிமிஷம், அதுவும் கரண்ட் இருந்தால்.

இதைவிடப் பெரிய கோளாறு, எதிரே நிற்பது எப்போதும் அதே ஆறு பேர். அவர்கள் சர்வ் அத்தனையும் இவனுக்கு அத்துப்படி. வெளியே போனால் ஒரே கைவீச்சில் இரண்டு விதமாக சர்வ் போடுகிற பையன் வருவான். ஒன்றில் பேட்டின் நுனிப்பக்கம் பந்தின் அடியை உரசும், கனத்த பேக் ஸ்பின், அதாவது பின்னோக்கிய சுழற்சி. இன்னொன்றில் பந்து கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டுப் போகும், சுழற்சியே இருக்காது. இரண்டையும் நம் பிள்ளை ஒரே மாதிரி புஷ் பண்ணுவான், அதாவது பந்தின் அடியில் மெல்லத் தள்ளிவிடுவான். சுழற்சியில்லாத பந்து வலைக்கு மேல் எழும்பும், மூன்றாவது பந்தில், அதாவது சர்வ், ரிசீவ் முடிந்து சர்வ் போட்டவன் ஆடும் பந்தில், அடி விழும். "பயந்துட்டான்" என்பார்கள் வீட்டில். பயமில்லை, அந்த சர்வை அவன் பார்த்ததே இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. ஒரு வாளியில் நூறு பந்து. தினமும் இருபது நிமிஷம் சர்வ் மட்டும். ஷார்ட் சர்வ் என்றால் எதிராளி தொடாமல் விட்டால் பந்து அவன் பக்கத்தில் இரண்டு முறை குத்த வேண்டும். மேசை நீளம் 2.74 மீட்டர், அவன் பக்கம் பாதிதான், அதனால் முதல் குத்து வலையை ஒட்டி விழ வேண்டும். பந்தை உயரத்தில் தொட்டால் இது நடக்காது. மேசை மட்டத்துக்குச் சற்று மேலே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம், சர்வ், ரிசீவ், மூன்றாவது பந்து, அங்கேயே நிறுத்தம். சர்வ் போடுபவர் என்ன போடப்போகிறார் என்று சொல்லக் கூடாது.

துணைக்கு வருபவர் பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஓர் இடக்கைக்காரர், பேட்டில் லாங் பிம்பிள்ஸ் (நீளமான முளைகள் உள்ள) ரப்பர் போட்ட ஒருவர், நாற்பது வயதில் தந்திரமாக சர்வ் போடும் ஆபீஸ் ஆட்டக்காரர். இந்த மூவரும் ஒரு வெளிநாட்டுப் பயணத்தைவிட அதிகம் கற்றுக்கொடுப்பார்கள். மாதம் இரண்டு சனி ஞாயிறு சென்னைக்குப் பஸ் ஏறினால் இன்னும் நல்லது.

பிரான்ஸ் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குக் காது நிமிரும், அதனால் ஃபெலிக்ஸ் லெப்ரனைச் சொல்கிறேன். 2006-ல் பிறந்தவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையரில் வெண்கலம். வீட்டிலேயே மூன்று வயது மூத்த அண்ணன் அலெக்சிஸ். அப்பாவும் ஆட்டக்காரர். கிளப்பில் சென் ஜியான் என்ற சீன வீரரைப் பார்த்துத்தான், பேட்டைப் பேனா போலப் பிடிக்கும் பென்ஹோல்ட் பிடியே ஃபெலிக்ஸுக்கு வந்தது. நம் சென்னை ஆட்டக்காரர் ஜி. சத்யன் 2019-ல் உலகத் தரவரிசையில் 24-ஆம் இடம் வரை போனார். அவரும் ஜெர்மன் லீக்கில் ஆடியவர். விதவிதமான எதிராளி தினமும் கிடைப்பதுதான் இதிலெல்லாம் இருக்கும் சூட்சுமம்.

உள்ளூர்ப் போட்டிகள் இன்னொரு கெட்ட பழக்கத்தையும் வளர்க்கின்றன. அம்பயர் இல்லாததால் உள்ளங்கையிலிருந்தே பந்தைத் தட்டிவிடும் சர்வ். விதிப்படி விரித்த உள்ளங்கையிலிருந்து பந்து குறைந்தது 16 செ.மீ. மேலே போக வேண்டும். வலையின் உயரம் 15.25, அதை வைத்தே பழக்கிவிடலாம். சந்தேகம் வந்தால் அம்பயர் முதலில் எச்சரிப்பார், அடுத்தது எதிராளிக்குப் புள்ளி. ஐந்து வருஷப் பழக்கத்தை ஒரு மேட்ச் நடுவில் மாற்ற யாராலும் முடியாது.

அப்புறம் நம் எல்லைக்கோடு. புதுச்சேரி தனி அணியாக தேசியப் போட்டிக்குப் போகிறது. முள்ளோடைக்கு இந்தப்பக்கம் கடலூர்ப் பிள்ளை சென்னைப் பிள்ளைகளோடு முட்டிமோதித்தான் தமிழ்நாடு அணிக்குள் நுழைய முடியும். புதுச்சேரியில் வழி கொஞ்சம் லேசு. அந்த லேசுதான் ஆபத்து: மாநிலத்தில் முதலிடம் என்ற நினைப்போடு போய் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே திரும்புவது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. வாரம் ஒருநாள் சேர்ந்து ஆடினாலே இரு தரப்புக்கும் புது எதிராளிகள் கிடைத்துவிடுவார்களே, ஏன் யாரும் செய்வதில்லை?

கடல்காற்றையும் மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ரப்பர் மேல் ஈரப் படலம் படிந்து பந்து வழுக்கும். டாப் ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) பிடிக்காமல் வலையில் இறங்கும். பிள்ளை தன் கையைச் சந்தேகப்பட்டு பேட் கோணத்தைத் திறக்க ஆரம்பிப்பான். ஏசி ஹாலில் ஆடும்போது அதே பந்து மேசைக்கு வெளியே பறக்கும். பேட்டையும் பந்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், பேட் உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், கோணத்தை மாற்ற விடாதீர்கள்.

உலகத் தரவரிசையில் ஓராண்டின் சிறந்த 8 முடிவுகளே கணக்கு. குரூப்பிலேயே தோற்கிற நாலு பயணத்தால் பெரிதாக ஒன்றும் நகராது. தேசியப் போட்டியில் காலிறுதி வரை போகத் தொடங்கியதும், வடோதரா போல இந்தியாவிலேயே நடக்கும் யூத் கன்டென்டர் என்ற சர்வதேச இளையோர் போட்டியில் ஆரம்பிக்கலாம். கிளம்பும் முன் ரப்பரின் கனத்தை அளந்துவிடுங்கள். பசையோடு சேர்த்து 4 மி.மீ. தாண்டக் கூடாது.