கொடி மட்டும் அல்ல

புலம்பெயர்ந்த உக்ரைனியர்கள் வெளிநாட்டில் கொடி பிடித்தால் ரஷ்யா தொடுத்த போர் நின்றுவிடுமா என்று உங்கள் இதழில் எழுதிய கட்டுரையாளர் கேட்கிறார். கனடாவின் எட்மன்டன் நகரில் அவர்களுக்கு நடுவே வசிப்பவள் நான். எங்கள் தெருமுனைத் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் பாட்டிமார் வரிசையாக உட்கார்ந்து, மசித்த உருளைக்கிழங்கை மாவு வட்டத்துக்குள் வைத்து, ஓரத்தை விரல்நுனியால் கிள்ளி மூடுகிறார்கள். நம் கொழுக்கட்டையைப் போன்ற அந்த வரேனிக்கியை விற்ற பணம் முதலுதவிப் பைகளாக உக்ரைனுக்குப் போகிறது. பக்கத்து மேசையில் பழைய துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ராணுவத்துக்கு உருமறைப்பு வலை முடிகிறார்கள். பச்சைச் சாயம் ஏறிய அந்த விரல்களைப் பார்த்த எவரும் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

இது ரஷ்யா முழு அளவில் படையெடுத்த 2022இல் திடீரென்று முளைத்ததும் அல்ல. 1891 முதல் கனடாவில் குடியேறியவர்கள் தம் மொழியையும் பூவேலைச் சட்டையையும் கைவிடவில்லை. சோவியத் ஆட்சியில் உக்ரைனில் லட்சக்கணக்கானோர் மாண்ட 1932-33 பெரும்பஞ்சத்தைப் பற்றி சோவியத் நாட்டில் வாய் திறக்க முடியாத காலத்திலேயே, 1983இல், இந்நகரில் அதற்கு நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டார்கள். 1991 டிசம்பர் 2 அன்று உக்ரைனின் சுதந்திரத்தைக் கனடா முந்திக்கொண்டு அங்கீகரித்ததற்குப் பின்னால் இவர்களின் நெடுநாள் உழைப்பு இருக்கிறது.

கட்டுரையாளர் ஒரு சனிக்கிழமை அந்தக் கூடத்துக்கு வரட்டும். மாவு கிள்ள ஆள் போதவில்லை.