ஜோவின் தொப்பியை எங்கே வைப்பது?

சேலத்துக் கல்லூரி ஒன்றில் இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு, சார்லஸ் டிக்கன்ஸ் 1860-61இல் வாரத் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் ‘மூடுபனி என்றால் மனக்குழப்பம், நின்றுபோன கடிகாரம் என்றால் உறைந்த காலம்’ என்று நோட்ஸிலிருந்து ஒப்பித்துவிடுவார். பிள்ளைகள்மேல் குறையில்லை, பல ஆண்டுகள் கரும்பலகையில் சமக்குறி போட்டு அப்படி எழுதிப்போட்டவன் நானேதான். பாத்திரத்தின் வளர்ச்சியிலிருந்து குறியீட்டைப் பிரித்தெடுத்து நடத்துவது வீண்வேலை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

மூடுபனியையே எடுத்துக்கொள்வோம். முதல் பாகத்தின் முடிவில், கொல்லுப்பட்டறையை விட்டு லண்டனுக்குக் கிளம்பிய கதைநாயகன் பிப்பின் கண்முன் பனி விலகி உலகம் விரிந்து கிடக்கிறது. ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் காத்து நின்று, பனி விலகியதும் கீழே சேலம் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வரியை விளக்கவே வேண்டாம். ஆனால், பனிதான் குழப்பம் என்றால் அது விலகியபோது அவனுக்குத் தெளிவு பிறந்திருக்க வேண்டுமல்லவா? அவனோ, பெயர் சொல்லாமல் தனக்குப் பணம் கொடுப்பவர் ஊரிலுள்ள பணக்கார மூதாட்டி மிஸ் ஹாவிஷாம்தான் என்ற தவறான நம்பிக்கையோடு போய்க்கொண்டிருக்கிறான். இதைக் கேள்வியாகப் போட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டால் போதும், வகுப்பு தானாகவே பேசத் தொடங்கிவிடும்.

மிஸ் ஹாவிஷாம் வீட்டில் நின்றுபோன கடிகாரத்தை ஒரே வகுப்பில் கடந்துவிடுவேன். நான் மெனக்கெடுவது 27ஆம் அத்தியாயத்துக்கு. பிப்பை வளர்த்து ஆளாக்கிய அக்காள் கணவர், கொல்லர் ஜோ, லண்டனுக்கு அவனைப் பார்க்க வருகிறார். முட்டைகள் உள்ள பறவைக்கூட்டைப் போலத் தொப்பியை இரண்டு கைகளாலும் ஏந்தி நிற்கிறார். கணப்பு மாடத்தின் விளிம்பில் வைத்தால் அது விழுந்துகொண்டே இருக்கிறது. பிப்புக்கு எரிச்சல். பணம் கொடுத்தாவது அவர் வராமல் தடுத்திருப்பேன் என்று பின்னாளில் அவனே ஒப்புக்கொள்கிறான். தொப்பி எதன் குறியீடு என்று நான் கேட்பதில்லை. அது விழும்போதெல்லாம் பிப் யாரைப் பார்க்கிறான் என்றுதான் கேட்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்பவரின் மகன் ஒருவன், “எங்கப்பா காலேஜுக்கு வந்தன்னிக்கு ஹெல்மெட்டைக் கீழேயே வைக்கலீங்க சார்” என்றான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. விடைபெறும்போது, ஒருவன் கொல்லன், ஒருவன் பொற்கொல்லன், ஒருவன் கன்னான், அவரவருக்குள் பிரிவு வரத்தான் செய்யும் என்ற பொருளில் ஜோ பேசும் வரிகளை அன்றைக்கு அவனையே வாசிக்கச் சொன்னேன்.

வளர்ச்சியை ‘குழந்தைமை, இளமை, முதிர்ச்சி’ என்று ஏணிப்படிகளாக வரையும் வழக்கத்தோடும் எனக்கு ஒப்புதலில்லை. பிப் படிப்பிலும் உடையிலும் உயர உயர மனிதனாகச் சிறுத்துப்போகிறான். அதைக் காட்ட, ஜோ அவனை ‘சார்’ என்று அழைக்கும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிடச் சொல்கிறேன். லண்டன் அறையில் ‘சார்’ விழும்போது பிப் சிடுசிடுக்கிறான். 57ஆம் அத்தியாயத்தில், காய்ச்சலில் கிடப்பவனை ஜோ கவனித்துக்கொள்ளும்போது பழைய ‘பிப்’ திரும்பிவருகிறது; உடம்பு தேறத் தேற மறுபடியும் ‘சார்’. இம்முறை அவன் சிடுசிடுக்கவில்லை, அந்த விலகலுக்குத் தானே காரணம் என்று உணர்கிறான். சென்ற பருவத்தின் அகத்தேர்வில், இந்த இரண்டு ‘சார்’களும் ஒன்றுதானா என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வைத்தேன், ஒரு விடைத்தாளில்கூட நோட்ஸின் வாடை இல்லை.